கும்மிடிப்பூண்டி வண்டியில் என் பெயர்

அந்த யோசனை ஷார்ஜாவில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், நான் பனியனைப் பிழிந்துகொண்டிருந்தபோது வந்தது.

வெள்ளிதான் எங்களுக்கு வார விடுமுறை. மொட்டைமாடியில் துணி காயப் போட்டபடி, அறைத்தோழன் சாஜனிடம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் கிடைக்கும் மசால்வடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாஜன் கொல்லத்துக்காரன், நல்ல பொறுமைசாலி. அன்றைக்குப் பொறுமை தீர்ந்துபோய் மலையாளத்தில் அவன் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"தாமு, முதல் தடவை நீ சொன்னபோது அந்த வடை உள்ளங்கை அளவு இருந்தது. ஓணத்துக்குள் சாஸர் அளவு ஆனது. இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் நீ ஊருக்குப் போகாவிட்டால் அதைத் தூக்க கிரேன் வேண்டும். தயவுசெய்து ஒரு தரம் போய் அளந்துவிட்டு வா."

அவன் கிண்டலாகத்தான் சொன்னான். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஆமாம், ஏன் போய்ப் பார்த்துவிடக் கூடாது? எதையெல்லாம் நினைத்து உருகுகிறேனோ அத்தனையையும் நேரில் போய்ப் பார்த்து, தின்று, ஏறி, இறங்கி முடித்துவிடுவது.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். அலுமினியக் கதவு ஜன்னல் செய்யும் ஒரு பட்டறையில் தர ஆய்வாளன் நான். இரண்டு வருஷமாகிறது. வேலை கெட்ட வேலை இல்லை, மனிதர்களும் மோசமில்லை. ஆனால் காலையில் கண்ணை விழித்ததும் நெஞ்சில் யாரோ ஈர மூட்டையை வைத்ததுபோல் இருக்கும். சாப்பாடு இறங்காது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். ஒரு முறை ஜன்னல் சட்டம் ஒன்றைத் தப்பான அளவோடு பாஸ் செய்து அனுப்பிவிட்டேன். ஃபோர்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உடம்புக்கு என்ன?" என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை, உடம்பு இருக்கும் இடம்தான் தப்பு என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

தினமும் காலையில் கம்பெனி வேன் வரும். அதில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. கடைசி சீட்டில் எல்லாருடைய டூல் பைகளும் ராத்திரி பகலாகக் குவிந்து கிடக்கும். கடைசி நிறுத்தத்தில் ஏறும் ரஃபீக் என்ற பங்களாதேஷ் வெல்டர், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து வருவான். நான் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வேன். மூடியதும் மீஞ்சூரில் கும்மிடிப்பூண்டி லோக்கல் வந்து நிற்கும்.

மூன்று வருஷம் அந்த வண்டியில் போனவன் நான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. எங்கள் குரூப்பில் திருவொற்றியூரில் ஏறும் பாஸ்கர்தான் தலைவன். அவன் ஏறியதும் மற்றவர்களுக்காக சீட்டுகளில் கர்ச்சீப் போட்டு வைப்பான். மீஞ்சூரில் நான் ஏறுவேன். பொன்னேரியில் காதரும் எலிசபெத் அக்காவும் ஏறுவார்கள். கர்ச்சீப் கிடக்கும் சீட்டில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். ரயில்வேக்காரர்களுக்கே தெரியாத சட்டம் அது.

அந்த மூன்று வருஷத்தில் நான் மிட்டாய்போல் பொத்திவைத்திருந்தது ஒரு மழை நாளை. பொன்னேரி தாண்டி வண்டி நின்றுவிட்டது. ரெண்டு மணி நேரம் வெளியே கொட்டுகிற மழை, உள்ளே நாங்கள் நான்கு பேரும் பேச்சும் சிரிப்பும். ஷார்ஜாவில் தூக்கம் வராதபோதெல்லாம் அந்த மழையைத்தான் எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

சாஜன் வடையை அளந்து வரச் சொன்ன அதே வாரம் பாஸ்கர் போனில் சொன்னான், நான் விட்டுவந்த அதே வேலை மறுபடி காலியாக இருக்கிறதாம். "ஆயுத பூஜைக்குள்ள முடிவு சொல்லு, மேனேஜராண்ட பேசி வெச்சிகீறேன்." இந்தப் பக்கம் ஃபோர்மேனோ அடுத்த மாதம் தொடங்கும் மூத்த ஆய்வாளர் பயிற்சிக்கு என் பெயரைக் கொடுத்திருந்தார். பெருநாள் விடுமுறையோடு லீவும் சேர்த்துக் கேட்டபோது, "திரும்பி வந்ததும் சொல், இருக்கிறாயா போகிறாயா" என்றார்.

திரும்பி வருவேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். ஆனால் பெரிய பெட்டியைத்தான் கட்டினேன். சின்ன லீவுக்கு யாரும் பெரிய பெட்டி கட்டுவதில்லை. சாஜன் பெட்டியைப் பார்த்தான், ஜிப்பை இழுத்து மூட உதவினான்.

*

மீஞ்சூரில் அம்மா கதவைத் திறந்ததும், "இன்னாடா இப்டி எளைச்சிட்ட, அங்க சோறே போடறதில்லியா?" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே டிக்கெட் எடுத்திருக்கலாம். வெந்நீர், முள்ளங்கி சாம்பார், வறுத்த நெத்திலி. பக்கத்தில் கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் ஆலை கட்டுகிறார்கள் என்று அம்மா அதிசயமாகச் சொன்னாள். ஷார்ஜாவில் இரண்டு வருஷமாக நான் குடிப்பதே அந்தத் தண்ணீர்தான் என்றேன். "கரிக்காது?" என்று கேட்டு என் நாக்கைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

மறுநாள் காலை, நான் வந்திருப்பதை யாரிடமும் சொல்லாமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன். பாஸ்கர் முகத்தில் ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டும். கடைசியிலிருந்து மூன்றாவது பெட்டி. ஏறினேன். என் பழைய ஜன்னல் சீட்டு காலியாக இருந்தது! அதன்மேல் நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் ஒரு கணம் அது எனக்காகவே போட்டது என்று தோன்றிவிட்டது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ணா, எழுந்துருங்க. கர்ச்சீப் போட்டுகீதுல்ல?" எதிர் சீட்டிலிருந்து ஒரு பையன். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை.

"பாஸ்கர் இல்லியா?"

"அண்ணாவுக்கு இந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட்டு. இது வினோத்து சீட்டு. பொன்னேரில ஏறுவான்."

என் சட்டம், என் பெட்டி. நானே எழுந்து கதவருகே போய்க் கம்பியைப் பிடித்து நின்றேன்.

பொன்னேரியில் வினோத் ஏறினான். ஏறியதும் தொடங்கினான். அவனை வேறு செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்களாம். "பழைய செக்‌ஷன்ல இன்னா சொகமா இருந்துச்சி தெரியுமா? ஃபேனு தலைக்கு மேலயே. கேண்டீன் பத்தடி. சூப்ரவைசரு கூட..."

"டேய், காலங்காத்தால தாமு விடாதடா!" என்றான் எதிர் சீட்டுப் பையன். பெட்டியே சிரித்தது.

நான் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். "தாமுன்னா இன்னாப்பா?"

"அது பெரிய கதைங்ணா. முன்னாடி பாஸ்கர் அண்ணா கூட தாமுன்னு ஒருத்தன் வந்துகினு இருந்தானாம். மீஞ்சூர்ல ஏறுனான்னா கும்முடிப்பூண்டி வரிக்கும் ஒரே பாட்டு. திருவள்ளூர் பக்கம் ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சானாம். அந்த ஹாஸ்டல் சாம்பார் மாதிரி வருமா, அந்த மரத்தடி மாதிரி வருமான்னு. எவனாச்சும் பழங்கதை ஆரம்பிச்சா தாமு வுடறான்னு சொல்லுவோம்."

இன்னொருவன் சேர்ந்துகொண்டான். "மழை மேட்டர சொல்லு மச்சி."

"ஆங்! ஒரு நாளு மழைல வண்டி நின்னுபோச்சாம். அல்லாரும் பேஜாராயி குந்தினுகீறாங்க. இவன் மட்டும் 'எங்க ஹாஸ்டல்ல மழை பேஞ்சா இன்னா ஆவும் தெரியுமா'ன்னு ஆரம்பிச்சானாம். பாஸ்கர் அண்ணா தாங்க முடியாம மழைலயே எறங்கிப் போயி வேற பெட்டில ஏறிட்டாராம்!"

"இப்ப எங்க கீறான் அவன்?"

"துபாயோ எங்கியோ. ஆனா நெஜமா அப்டி ஒருத்தன் இருந்தானான்னே எங்களுக்கு டவுட்டு. அண்ணாவே கட்டி வுட்ட கதைன்னு நெனைக்கிறோம்."

நான் வெளியே பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். என் மழை. நான் மிட்டாய்போல் வைத்திருந்த மழை. அதில் பாஸ்கர் வேறு பெட்டியில் இருந்திருக்கிறான்.

கவரைப்பேட்டை போனது. கும்மிடிப்பூண்டி வந்தது, பெட்டி காலியானது, வண்டி நகர்ந்தது. அது சூளூர்ப்பேட்டை வரை போகும் வண்டி என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மூன்று வருஷம் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிய ஸ்டேஷனைக் கண்ணைத் திறந்துகொண்டே தவறவிட்டேன்.

எளாவூரில் இறங்கி நெடுஞ்சாலைக்கு நடந்தேன். சோதனைச்சாவடியில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. சென்னைப் பக்கம் போகும் ஒரு லாரியில் கேட்டு ஏறிக்கொண்டேன். ஓட்டுநர் கூடூர்க்காரர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். நான் ஷார்ஜாவில் வேலை பார்ப்பவன் என்று தெரிந்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முழுசாக என் பக்கம் திரும்பினார்.

"நைனா, அங்க லாரி ஓட்ட ஆள் எடுப்பாங்களா? டப்பு எவ்ளோ குடுப்பாங்க?"

"எடுப்பாங்க. ஆனா ஊர வுட்டுட்டு இருக்கணும்ணா. கஷ்டம்."

அவர் தெலுங்கில் சொன்னதன் சாரம் இது: "ஊரை விட்டுத்தானே இருக்கிறேன். மாசத்தில் ரெண்டு ராத்திரி வீட்டில். அந்த ரெண்டு ராத்திரியும் மாமியார் இருக்கிறார். நீ விசா வாங்கிக் கொடு, கஷ்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் என்னை இறக்கிவிட்டார். அதே கடை. மசால்வடை ஒன்று வாங்கி உள்ளங்கையில் வைத்தேன். நான்கு பக்கமும் கை தெரிந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல். கெட்ட வடை என்று சொல்லமாட்டேன், இன்னொன்றும் வாங்கித் தின்றேன். சாஜனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினேன்: "அளந்தாகிவிட்டது. கிரேன் வேண்டாம்."

*

ராத்திரி முழுக்கப் புரண்டேன். அவமானம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். பாஸ்கர் வேண்டுமென்றே இட்டுக்கட்டியிருப்பான். இதைத் தீர்த்துவைக்கக்கூடியவன் காதர் ஒருவன்தான், ஏனென்றால் காதருக்குப் பொய் சொல்ல வராது. வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு அது பெரிய குறை என்று அவனே சொல்வான். நான் ஷார்ஜா போன கொஞ்ச நாளிலேயே அவன் கம்பெனியை விட்டுவிட்டுப் பழவேற்காட்டில் குடும்பத் துணிக்கடையில் உட்கார்ந்துவிட்டான்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு பஸ். ஏறிய இடத்திலேயே மீன்கார அம்மா ஒருவர் காலிக் கூடையை என் கால்மேல் வைத்துவிட்டு ஜன்னலோரம் தூங்கிப்போனார். எழுப்ப மனசு வரவில்லை. வழியில் பஸ் நின்றது. டிரைவர் இறங்கிப் போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து எஞ்சினுக்கு ஊற்றினார். யாரும் சலித்துக்கொள்ளவில்லை, மீன்கார அம்மா கண்ணும் திறக்கவில்லை. ஷார்ஜாவில் பஸ் நின்றால் பத்து பேர் பத்து மொழியில் போன் பேசுவார்கள்.

காதர் கடையை அப்படியே தம்பியிடம் விட்டுவிட்டு என்னை வீட்டுக்கு இழுத்துப் போனான். ரம்ஜான் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது, அவன் உம்மாவுக்கு இன்னும் விருந்து முடியவில்லை. இறால் தொக்கு, நண்டு, நெய்ச்சோறு.

"மொதல்ல துன்னு. அப்பறம் கேளு," என்றான் காதர். நான் நண்டை உடைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"காதரு, நான் டிரெயின்ல அப்டியாடா பேசிக்கினு வந்தேன்?"

"எப்டி?"

"ஹாஸ்டல் கதையாவே."

காதர் சிரிக்கவில்லை. யோசித்தான். அதுதான் பயமாக இருந்தது. "ஆமாண்டா. உங்க ஹாஸ்டல் வார்டன் பேரு, சமையல்காரன் பேரு, நாய் பேரு அல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம் கீது. எனக்குக் கேக்கப் புடிக்கும். ஆனா ஒண்ணு. நம்ம டிரெயின் கதைய நீ ஒரு நாளும் சொன்னதில்ல. நாங்க எதுர்ல குந்தினு இருந்தோம், ஆனா கதைல வரல. நீ ஷார்ஜா போன பெறவுதான் போன்ல நம்ம டிரெயினு கதைல வந்துச்சி."

"மழை அன்னிக்கி பாஸ்கரு..."

"வேற பெட்டிக்குப் போனான். அரை மணி கழிச்சி வேர்க்கடலையோட திரும்பி வந்தான். அப்பவும் நீ ஹாஸ்டல்லதான் இருந்த."

அவன் உம்மா பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, இன்னும் கொஞ்சம் சோறு வைத்துக்கொண்டே, "அந்த ஊர்ல உங்களுக்கு நோம்பெல்லாம் எப்டிப்பா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். சாயங்காலம் பள்ளிவாசல் முற்றத்தில் நீளமாக விரிப்பு போடுவார்கள், யார் வேண்டுமானாலும் உட்காரலாம், நானும் சாஜனும் போய் உட்கார்வோம், பேரீச்சம்பழமும் மோரும் பிரியாணியும் வரும். பக்கத்தில் பெஷாவர்க்காரர் ஒருவர் தன் கறித்துண்டை எடுத்து என் தட்டில் வைப்பார். வெள்ளிக்கிழமை ஆனால் மொட்டைமாடியில் ஆறு நாட்டுத் துணி காயும். மத்தியானம் சாஜன் மீன்குழம்பு வைத்தால் மாடிப்படி வரைக்கும் வாசனை வரும். அதுபோல இங்கே...

காதர் கையை உயர்த்தினான். "நிறுத்து. இப்ப நீ இன்னா பண்ற தெரியுதா?"

தெரிந்தது. வாயில் அவர்கள் வீட்டு இறால். கண்முன்னால் சாஜனின் மீன்குழம்பு. ஊருக்கு வந்து முழுசாக மூன்று நாள் ஆகவில்லை.

"அப்ப அங்க நல்லாத்தான் இருந்துச்சா?" என்று அவன் உம்மா வெள்ளந்தியாகக் கேட்டார்.

நண்டுக் காரம் என்று தண்ணீர் கேட்டேன். பொன்னேரிக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். ரயிலில் ஹாஸ்டலுக்காக ஏங்கினேன். ஹாஸ்டலில் மீஞ்சூர்ப் பள்ளிக்கூடத்துக்காக. பள்ளிக்கூடத்தில் நாங்கள் முன்பு குடியிருந்த எண்ணூர் வீட்டுக்காக. எண்ணூரில் எதற்கு ஏங்கினேன் என்று நினைவில்லை, ஆனால் எதற்காவது ஏங்கித்தான் இருப்பேன். எல்லா ஊருக்கும் நான் ஒரு வண்டி தாமதமாகவே போய்ச் சேர்ந்திருக்கிறேன். பழைய வேலையில் போய் உட்கார்ந்தால் இந்த வியாதி தீராது. அதே ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து வினோத்துக்குப் பெஷாவர்க்காரரின் கறித்துண்டைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அழுகை வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நினைத்தேன்: சரி, இது ஊர்மேல் உள்ள பாசம் இல்லை, ஒரு பழக்கம். நகம் கடிப்பது மாதிரி. நகம் கடிப்பதை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

மிச்ச நாள்களைப் பயிற்சிக்கு ஒதுக்கினேன். அம்மாவோடு மார்க்கெட் போனேன், வழியில் "முன்னாடி இங்க" என்று ஆரம்பிக்கவில்லை. கத்தரிக்காய் விலை பேசினேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஆலை கட்டுமிடத்தில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டேன், அரை நாள் சொன்னார். பாதி நேரம் மனசு நழுவி ஓடியது, பிடித்து இழுத்துவந்தேன். ஏக்கத்தை ஒரேயடியாகத் துரத்த முடியவில்லை. அதனால் அதற்கு ஒரு நேரம் கொடுத்தேன்: துணி துவைக்கும்போது மட்டும். அந்த வாரம் எங்கள் வீட்டில் போர்வை, திரைச்சீலை எல்லாம் துவைத்தாகிவிட்டது. அம்மாவுக்கு ஒரே பெருமை.

*

ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் ரயிலில் பூஜை. வருஷா வருஷம் நடப்பது. தினமும் தங்களைச் சுமக்கிற பெட்டிக்குப் பயணிகளே பொட்டு வைப்பார்கள். மீஞ்சூரில் வண்டி நுழையும்போதே எங்கள் பெட்டியின் வாசலில் வாழைக்கன்று தெரிந்தது, ஜன்னல் கம்பிகளில் மாவிலைத் தோரணம், கைப்பிடி ஒவ்வொன்றிலும் சந்தனம் குங்குமம். கதவில் பாஸ்கர் நின்றான். ஷிஃப்ட் எதுவானாலும் பூஜை வண்டியை அவன் விடமாட்டான்.

"டேய்! தாமு! எப்படா வந்த?" என்று என்னை அப்படியே உள்ளே தூக்கினான்.

எதிர் சீட்டுப் பையன் வாயைத் திறந்தபடி நின்றான். "ணா... அன்னிக்கிக் கதவாண்ட நின்னு கேட்டது..."

"நான்தாம்பா."

"ஐயோ, நெஜமாவே கீறீங்களா!" என்றான் வினோத். அதற்குப்பின் வந்த சிரிப்பில் வாழைக்கன்று ஆடியது. பாஸ்கரின் முகம் மட்டும் கறுத்துவிட்டது. "டேய், சும்மா தமாசுக்குடா... பசங்க கேட்டானுங்க..."

"மழைல வேற பெட்டிக்குப் போனியாமே?"

"போனேன். இன்னா பண்ண சொல்ற? அன்னிக்கி எம்பொண்ணுக்குக் காய்ச்சல். ஊட்டுக்குப் போன் போட முடில. நீ ஹாஸ்டல் மழைய சொல்லிக்கினே இருந்த." பிறகு குரலை இறக்கினான். "திரும்பி வந்தேன்ல?"

மழை நாளில் அவன் மகளுக்குக் காய்ச்சல் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். மூணாவது படிக்கிறாளாம், ஸ்கிப்பிங்கில் பரிசு வாங்கியிருக்கிறாளாம். போட்டோவை பர்ஸிலிருந்து எடுத்தான். அந்தப் பர்ஸில் இத்தனை வருஷமாக ஒரு போட்டோ இருந்திருக்கிறது.

பொன்னேரியில் எலிசபெத் அக்கா பெரிய தூக்கோடு ஏறினார். அவர் இப்போது கம்பெனி பஸ்ஸில் போகிறவர். ஆனாலும் பூஜைக்குச் சுண்டல் அவர் வீட்டிலிருந்துதான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் கையால் ஆயுத பூஜைச் சுண்டல், எங்கள் பெட்டியின் இன்னொரு சட்டம். என்னைப் பார்த்ததும், "இன்னாடா, அழுமூஞ்சி வந்துகீது!" என்றார்.

பாஸ்கர் ஒரு பந்தயம் வைத்தான். கும்மிடிப்பூண்டி போய்ச் சேரும்வரை நான் "அப்பல்லாம்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் பெட்டி முழுக்க நானே சுண்டல் கொடுக்க வேண்டும். வினோத் நடுவர். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கவரைப்பேட்டையில் யாரோ முறுக்குக் கொடுத்தார்கள், வாயில் போட்டதும் "அப்பல்லாம் இது..." என்று வந்துவிட்டது. பெட்டி அதிர விசில்.

தூக்கை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகப் போனேன். மூன்று வருஷம் போன பெட்டியில் அந்தக் கோடிவரை நான் நடந்ததே இல்லை. வார்ப்புக் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர் கையில் சூடு பட்டிருந்ததால் சுண்டலைச் சட்டைப்பையில் போடச் சொன்னார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு ஒடிசாப் பையன்கள் இது எதற்கு என்று இந்தியில் கேட்டார்கள். "வண்டிக்குப் பிறந்தநாள்" என்று ஷார்ஜாவில் கற்ற இந்தியில் அடித்துவிட்டேன், அவர்கள் சுவரைத் தொட்டுக் கும்பிட்டார்கள். தூக்கு காலியானபோதுதான் கவனித்தேன், அவ்வளவு நேரமும் நெஞ்சில் அந்த ஈர மூட்டை இல்லை.

கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் வண்டியை ஓட்டிவந்தவருக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். கூட்டம் கலைந்ததும் பாஸ்கர் கேட்டான்.

"மேனேஜரு இன்னிக்கிக் கேப்பாரு. இன்னா சொல்லட்டும்?"

"வரலன்னு சொல்லுடா."

அவன் என்னைப் பார்க்காமல் பூசணித் துண்டு ஒன்றைக் காலால் ஓரம் தள்ளினான். "ஏன், கோவமா?"

"இல்லடா. நான் வந்தா இதே சீட்டுல குந்தினு ஷார்ஜா கதைய விடுவேன். நீ மறுபடியும் வேற பெட்டிக்குப் போவ."

"போனாலும் திரும்பி வருவேன்டா," என்றான். "நீ இங்க இருந்தா எனக்கு நல்லா இருந்துருக்கும். செரி, போய்த் தொலை."

எலிசபெத் அக்கா காலித் தூக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அங்க போயி எங்கள நெனச்சி அழுவாத. போன் பண்ணு. இன்னிக்கி இன்னா துன்ன, எவன் கூடப் பேசுனன்னு சொல்லு. பழங்கதை சொன்ன, கட் பண்ணிருவேன்."

*

பெரிய பெட்டி பாதி காலியாகவே இருக்கிறது. ஒரு ஓரத்தில் பொரியும் கடலையும். அதன்மேல் மீஞ்சூர் மார்க்கெட்டில் நேற்று வாங்கிய இரண்டு கர்ச்சீப்புகள், நீலக் கட்டம் போட்டவை. கண் துடைக்க இல்லை.

அங்கே வேன் முதலில் வருவது எங்கள் கட்டடத்துக்குத்தான். முதல் ஆளாக ஏறி, கடைசி சீட்டில் குவிந்திருக்கும் டூல் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவரவர் சீட்டுக்கு அடியில் வைக்கப்போகிறேன். யாராவது கத்துவார்கள். கத்தட்டும். காலியான சீட்டில் ஒரு கர்ச்சீப்பை விரித்துப் போடுவேன். இது என்ன துணி என்று டிரைவர் கேட்டால், எங்கள் ஊரில் இது சட்டம் என்பேன். பயிற்சியில் சேருகிறேன் என்று ஃபோர்மேனிடம் சொல்வது அதற்கு அப்புறம்தான்.

கடைசி நிறுத்தத்தில் ரஃபீக் ஏறுவான், வழக்கம்போல பெயிண்ட் டப்பாவைத் தேடுவான். நான் கர்ச்சீப்பை எடுத்து இடம் காட்டுவேன். இரண்டு வருஷமாக ஒரே வேனில் போகிறோம், பங்களாதேஷில் அவன் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. முதல் கேள்வி அதுதான். அவன் பதில் சொல்லத் தொடங்கி, அவன் ஊர் மழையிலிருந்து ஆரம்பித்து பட்டறை வாசல் வரைக்கும் நிறுத்தாமல் சொன்னாலும் கேட்பேன். வேனில் எழுந்து போக வேறு பெட்டி கிடையாது. இருந்தாலும் போகப்போவதில்லை.